ஏற்காட்டில் ஒரு நாள் படப்பிடிப்புக்கு என்ன விலை? தொழில் தொடங்கும் ஒளிப்படக் கலைஞருக்கான கணக்கு

ஒளிப்படத் தொழிலைத் தனியாளாகத் தொடங்கும் ஒருவரிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘ரேட் எவ்வளவு?’ என்பதாகவே இருக்கிறது. எடுத்த படங்களைப் பார்ப்பதும் தேதியைப் பேசுவதும் அதற்குப் பிறகே நடக்கின்றன. புதியவர் அந்தக் கேள்விக்குச் சொல்லும் விடை வழக்கமாக இரண்டு வழிகளில் உருவாகிறது: ஊரில் ஏற்கெனவே தொழில் செய்பவர் வாங்கும் தொகையை விசாரித்து, அதில் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துச் சொல்வது ஒரு வழி, கேட்பவரின் வசதியை அவருடைய பேச்சிலிருந்து ஊகித்து, அவரால் தரக்கூடியது இவ்வளவு என்று எண்ணிச் சொல்வது மற்றொரு வழி. இவ்விரண்டிலும் படமெடுப்பவரின் சொந்தச் செலவு என்ன, ஓர் ஆண்டில் அவருக்குக் கூலி கிடைக்கக்கூடிய நாட்கள் எத்தனை, எடுத்த படத்தை வாங்கியவர் எதற்காக எவ்வளவு காலம் பயன்படுத்தப் போகிறார் என்னும் மூன்று செய்திகளும் விடுபட்டுப் போகின்றன.

சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பகுதியான சேர்வராயன் மலைமீது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டைப் போன்ற பருவகாலச் சுற்றுலா ஊரில் இந்த விடுபடல் சமவெளியில் உள்ளதைவிடக் கூடுதலான இழப்பைத் தருகிறது. ஏனெனில் அங்கே வேலை ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை, வருகிற நாட்களிலும் மூடுபனியும் மழையும் மலைப்பாதையும் தத்தம் பங்கைக் கேட்கின்றன. ஆகவே அம்மலையில் தொழில் தொடங்குபவருக்கு விலையின் அடிப்படை அவருடைய கேமராவும் அல்ல, பக்கத்துக் கடைக்காரரின் விலையும் அல்ல. ஓர் ஆண்டில் அவருக்குக் கிடைக்கும் படப்பிடிப்பு நாட்களின் எண்ணிக்கையே அடிப்படை என்பதும், அந்த எண்ணிக்கையிலிருந்து பிறக்கும் தொகையை எழுத்து மூலமான ஒப்பந்தமே காப்பாற்றும் என்பதும் இங்கே விளக்கப்படுகின்றன.

மலையின் நாட்காட்டி

ஏற்காட்டில் படமெடுப்பவரின் வருமான நாட்களை மூன்று நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று தீர்மானிக்கின்றன. முதலாவது சுற்றுலா நாட்காட்டி. பள்ளி விடுமுறைக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும், அரசு நடத்தும் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களிலும், பொங்கல், ஆயுத பூசை, தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய தொடர் விடுமுறைகளிலும், ஆண்டு முழுவதும் சனி ஞாயிறுகளிலும் ஏரிக்கரையும் லேடீஸ் சீட்டும் பகோடா முனையும் நிரம்புகின்றன. இடைப்பட்ட வாரநாட்களில் ஊர் அமைதியடைகிறது. கூட்டமுள்ள நாட்களில் வாடிக்கையாளர் அதிகம் என்பது உண்மையே எனினும், அதே நாட்களில் படத்தின் பின்னணியில் அந்நியர் இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையில் குறித்த நேரத்துக்கு ஏறி வருவதும் கடினமாகின்றன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாவது முகூர்த்த நாட்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடப்பதில்லை. பல குடும்பங்கள் புரட்டாசியையும் தவிர்க்கின்றன. மண்டபத்தில் திருமணம் எடுப்பவருக்கு இவை வருமானமற்ற மாதங்கள். ஆனால் திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு மணமக்களை வெளியிடத்துக்கு அழைத்துச் சென்று எடுக்கும் படப்பிடிப்பு, அதாவது தொழிலில் ‘அவுட்டோர்’ என்றும் ‘ப்ரீ வெட்டிங்’ என்றும் வழங்கப்படுவது, வேறு கணக்கில் இயங்குகிறது. தை மாதத் திருமணங்களுக்கான அவுட்டோர் மார்கழியில் விழுகிறது. மார்கழியின் குளிரும் காலை மூடுபனியும் ஏற்காட்டுக்கு வரும் இணைகள் விரும்பிக் கேட்கும் பின்னணியாகவும் அமைந்துவிடுகின்றன. அதுபோலவே ஆவணித் திருமணங்களுக்கான படப்பிடிப்பு ஆடியில் வரக்கூடும். ஆனால் ஆடியில் இதையும் தொடங்க விரும்பாத குடும்பங்கள் உண்டு. எனவே சமவெளித் திருமணக்காரர் ‘ஆஃப் சீசன்’ என்று சொல்லித் தள்ளுபடி தரும் மாதத்தில் மலையில் அவுட்டோர் எடுப்பவரும் அதைப் பின்பற்றித் தன் விலையைக் குறைப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

மூன்றாவது தோட்ட நாட்காட்டி. சேலத்தின் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அதன்பின் இரு நூற்றாண்டுகளாகக் காப்பியும் அதன் நிழல்மரங்களில் ஏறும் மிளகுமே அம்மலையின் முதன்மையான வேளாண் விளைச்சலாக இருந்துவருகின்றன. கோடையின் தொடக்கத்தில் பெய்யும் முதல் மழைக்குப் பிறகு காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துச் சில நாட்களிலேயே உதிர்ந்துவிடுகின்றன. பழம் சிவந்து பறிப்புக்கு வருவது ஏறக்குறைய நவம்பர் முதல் சனவரி வரை. தன் காப்பித்தூளுக்குப் பெயரிட்டு விற்க முனையும் தோட்டக்காரர் பூவையோ பறிப்பையோ படமாகக் கேட்டால், அந்தச் சில நாட்களுக்காகப் படமெடுப்பவர் வேறு வேலை ஒப்புக்கொள்ளாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் விலையில் இடம்பெற வேண்டிய ஒன்றாகும்.

மூன்று நாட்காட்டிகளையும் ஒரு தாளில் வரைந்து, மழைநாட்களைக் கழித்துப் பார்க்கும்போது, மலையில் தொழில் தொடங்கும் ஒருவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் கூலி பெறும் படப்பிடிப்பு நாட்கள் அறுபதைத் தாண்டும் என்று எதிர்பார்ப்பது துணிச்சலான எதிர்பார்ப்பாகவே தோன்றும்.

அடிவிலைக் கணக்கு

எந்தத் தொகைக்குக் கீழே ஒரு நாள் வேலையை ஒப்புக்கொண்டால் படமெடுப்பவரின் கைப்பணம் கரையத் தொடங்குகிறதோ, அந்த எல்லைத் தொகையை அடிவிலை எனலாம். அதைக் கண்டறிய ஆண்டுச் செலவு, குடும்பத்துக்கு எடுக்க வேண்டிய ஊதியம், சேமிப்பு ஆகிய மூன்றையும் கூட்டி, படப்பிடிப்பு நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கீழே வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் எண்களை அவ்விடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

கேமரா, இரண்டு லென்சு, பிளாஷ், மின்கலங்கள், நினைவக அட்டைகள், மடிக்கணினி, வன்தட்டுகள் ஆகியவற்றுக்கு மொத்தம் ரூ. 3,60,000 செலவாயிற்று என்றும், அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால், ஆண்டுக்கு ரூ. 90,000 தேய்மானம் ஆகிறது. தேய்மானம் என்பது பொருள் பழையதாகிக்கொண்டே வருவதால், அதை மாற்றி வாங்குவதற்காக ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகை. கடனோ தவணையோ இல்லாமல் வாங்கிய கேமராவுக்கும் இது உண்டு. பழுதுபார்ப்பும் காப்பீடும் ரூ. 18,000, மென்பொருளும் படச் சேமிப்பும் ரூ. 24,000, தொலைபேசியும் இணையமும் ரூ. 12,000, அன்றாடப் போக்குவரத்து ரூ. 36,000, மாதிரி ஆல்பமும் விளம்பரமும் ரூ. 12,000, கணக்கு எழுதுவது முதலான சில்லறைச் செலவுகள் ரூ. 8,000 என்று சேர்த்தால் ஆண்டுச் செலவு ரூ. 2,00,000 வருகிறது. பழுதுபார்ப்புத் தொகையைச் சமவெளியில் உள்ளவரைவிட மலையில் உள்ளவர் சற்றுக் கூட்டியே வைக்க வேண்டும். மூடுபனியும் ஈரக்காற்றும் நிறைந்த ஊரில் லென்சின் உள்ளே பூஞ்சை படர்வது எளிதாகையால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட காற்றுப்புகாப் பெட்டியோ மின்சார உலர்பெட்டியோ அங்கே தவிர்க்க முடியாத கருவியாகிவிடுகிறது.

இதனுடன் மாதம் ரூ. 25,000 வீதம் குடும்பத்துக்கான ஊதியம் ரூ. 3,00,000, வேலை இல்லாத மாதங்களுக்கும் நோய்க்கும் ஒதுக்கும் சேமிப்பு ரூ. 40,000 ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் ரூ. 5,40,000 ஆகிறது. இதை அறுபது நாட்களால் வகுத்தால் ஒரு நாளின் அடிவிலை ரூ. 9,000. இதே செலவுள்ள ஒருவருக்குச் சேலம் நகரில் நூறு நாள் வேலை கிடைத்தால் அவருடைய அடிவிலை ரூ. 5,400 ஆகக் குறைகிறது. மலையில் நாற்பது நாள் மட்டுமே கிடைத்தால் அது ரூ. 13,500 ஆக உயர்கிறது. கேமராவும் திறமையும் செலவும் மாறாமலிருக்க, நாட்களின் எண்ணிக்கை ஒன்றே விலையை இரண்டரை மடங்கு வரை மாற்றிவிடுவதை இக்கணக்குக் காட்டுகிறது. சேலத்துக்காரரின் விலையைக் கேட்டு அதில் குறைத்துச் சொல்லும் ஏற்காட்டுக்காரர் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

நாளொன்றுக்கு ரூ. 3,000 என்று தொடங்கும் ஒருவர் அறுபது நாளும் ஓய்வின்றி உழைத்தாலும் ரூ. 1,80,000 மட்டுமே ஈட்டுகிறார். அது தொழிற்செலவாகிய ரூ. 2,00,000க்கே எட்டாத தொகையாகையால், அவர் ஊதியம் எதுவும் பெறாததோடு ஆண்டுக்கு ரூ. 20,000 கைப்பணத்தையும் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியவர் ஆகிறார். தேய்மானம் உடனே கையிலிருந்து வெளியேறுவதில்லை என்பதால் இந்த இழப்பு முதல் ஆண்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேமரா பழுதாகும் ஆண்டில்தான் தெரியவருகிறது.

அறுபது நாள் என்பதைக் கேட்டதும் மீதி முந்நூறு நாளும் ஓய்வு என்று எண்ணுவோர் உண்டு. ஒரு நாள் படப்பிடிப்புக்கு முன்னதாக இடம் பார்ப்பதும் பேசி முடிப்பதும் இருக்கின்றன. அதற்குப் பின் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தேர்வு செய்தல், நிறமும் ஒளியும் திருத்துதல், ஆல்பம் வடிவமைத்தல், லேபுக்கு அனுப்பிச் சரிபார்த்தல் ஆகியவை தொடர்கின்றன. ஒரு நாள் படப்பிடிப்போடு இத்தகைய வேலைக்கு இரண்டு நாள் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் அறுபது நாள் கூலி நூற்றெண்பது நாள் உழைப்புக்கான கூலியாகிறது. ஒரு மணி நேரப் படப்பிடிப்புக்கு அடிவிலையை எட்டால் வகுத்துச் சொல்லக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் குடும்பப் படம் எடுக்க அழைக்கும் சுற்றுலாப் பயணிக்காகவும் பயணம், தேர்வு, திருத்தம், ஒப்படைப்பு ஆகிய அனைத்தும் நடக்க வேண்டியிருப்பதால், நாள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஒரு குறைந்தபட்சக் கட்டணத்தை வகுத்துக்கொள்வது நியாயமாகும்.

வாங்குபவர் எதை வாங்குகிறார்

அடிவிலை படமெடுப்பவரின் பக்கத்திலிருந்து வரும் எல்லை. அதற்கு மேலே எவ்வளவு கேட்கலாம் என்பதை வாங்குபவரின் பயன் தீர்மானிக்கிறது. சேலம் மாவட்டத்தின் ஒளிப்பட வரலாற்றிலேயே இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியான லின்னேயசு டிரைப் 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டு, மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அவர் 1858இல் வெளியிட்ட தொகுதிகளுள் ஒன்று, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்து இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள இராயக்கோட்டையையும் அதன் சுற்றுப்புறங்களையும் பற்றியது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லசு டிரெவலியன் அரசின் செலவுகளைக் குறைக்க முற்பட்டபோது, இம்முயற்சி அரசால் தாங்க முடியாத ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்திவிட்டார். டிரைப்பின் படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் போற்றிக் காக்கப்படுகின்றன. அன்று அவை கைவிடப்பட்டதற்குத் தரக்குறைவு காரணமாகவில்லை, பணம் தருபவருக்கு அப்படங்களால் நேரும் பயன் அவர் கண்ணுக்குத் தெரியாமற்போனதே காரணமாயிற்று.

இன்றைய ஏற்காட்டில் வாங்குபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரிப் பகுதிகளிலிருந்து அவுட்டோருக்கு வரும் மணமக்கள் வாங்குவது குடும்பத்துக்குள் புழங்கும் நினைவு; அவர்களுக்கு நாள், உடைமாற்றங்கள், திருத்திய படங்களின் எண்ணிக்கை, ஆல்பத்தின் பக்கங்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய ‘பேக்கேஜ்’ எனப்படும் தொகுப்பு விலையே எளிதில் புரிகிறது. உதாரணமாக, நாளின் அடிவிலை ரூ. 9,000, உதவியாளர் ரூ. 1,500, வாடகை வாகனம் ரூ. 3,500, ஆல்ப அச்சு ரூ. 4,000 என்றால் அத்தொகுப்பின் அடக்கம் ரூ. 18,000, எதிர்பாராச் செலவுக்கும் வளர்ச்சிக்கும் சேர்த்து ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் சொல்வதில் தவறில்லை. இதில் கவனிக்க வேண்டியது, படமெடுப்பவரின் கூலியையும் லேபுக்கும் வாகனத்துக்கும் கைமாறிச் செல்லும் தொகையையும் கணக்கேட்டில் தனித்தனியாக எழுதுவது. இல்லையெனில் இருபதாயிரம் கைக்கு வந்ததாகத் தோன்றுமே தவிர, அதில் பாதிக்குச் சற்று மேல்தான் தனக்குரியது என்பது புலப்படாது.

இரண்டாவது வகையினர் விடுதிக்காரர்களும், வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோரும். முன்பதிவுத் தளத்தில் ஓர் அறையின் படத்தைப் பார்த்தே விருந்தினர் பணம் கட்டுகிறார் என்பதால், அந்தப் படம் ஆண்டுக்கணக்கில் வருமானம் ஈட்டும் கருவியாகிறது. ஒரு நாளில் எடுத்து முடிக்கக்கூடியது என்ற காரணத்தால் இதற்கும் மணமக்களுக்கும் ஒரே நாள் விலையைச் சொல்வது, பயனைக் கணக்கில் கொள்ளாத விலையாகும். மூன்றாவது வகையினரான காப்பி, மிளகுத் தோட்டக்காரர்களும் இத்தகையோரே. பொட்டலத்தின் மேல் அச்சாகும் படத்துக்கும் சமூக ஊடகத்தில் ஒரு வாரம் ஓடும் படத்துக்கும் பயனில் உள்ள வேற்றுமை விலையிலும் தெரிய வேண்டும். நான்காவது வகை, 1917இல் நிறுவப்பட்ட மான்ட்போர்ட் பள்ளி முதலாக உறைவிடக் கல்விக்குப் பெயர்பெற்ற ஏற்காட்டின் பள்ளிகள். ஆண்டுவிழா, விளையாட்டுவிழா, வகுப்புக் குழுப்படம் ஆகியவற்றில் எத்தனை பெற்றோர் பிரதி வாங்குவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாததால், பள்ளி நிருவாகத்திடம் நாளுக்கான அடிவிலையைத் தனியாகப் பெற்று, பிரதிகளுக்குத் தலைக்கு ஒரு விலை வைப்பது பாதுகாப்பானது. பிரதி விற்பனையை மட்டும் நம்பிப் போகும் புதியவர் நட்டத்தின் முழுச் சுமையையும் தாமே ஏற்றுக்கொள்கிறார்.

படம் யாருடையது

பயன்பாட்டுக்குத் தனி விலை என்று பேசும்போது ஒரு சட்டச் சிக்கல் குறுக்கிடுகிறது. இணையத்தில் அமெரிக்க, பிரிட்டானிய ஒளிப்படக் கலைஞர்களின் அறிவுரைகளைப் படித்துத் தொழில் தொடங்குவோர் பலர் இதை அறிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, படத்தை எடுத்தவரையே அதன் ஆக்கியோன் என்கிறது. ஆயினும் அதன் 17ஆம் பிரிவு, ஒருவர் பணம் தந்து கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று வகுத்துள்ளது. பிரிட்டனின் 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி இருந்தது. அந்நாடு 1988இல் இயற்றிய புதிய சட்டத்தில் அதைக் கைவிட்டு உரிமையைப் படமெடுத்தவருக்கே அளித்தது, இந்தியாவிலோ பழைய விதி தொடர்கிறது. எனவே ஏற்காட்டில் ஒரு விடுதிக்காக வாய்ப்பேச்சில் வேலை செய்து பணம் பெற்றவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே படம் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் வந்தாலும் கூடுதல் கட்டணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

‘மாறான ஒப்பந்தம் இல்லாதபோது’ என்னும் அந்தச் சொற்களே புதியவரின் பாதுகாப்புக்கு வழியாகவும் இருக்கின்றன. பதிப்புரிமை படமெடுப்பவரிடமே இருக்கும் என்றும், வாடிக்கையாளருக்கு இன்னின்ன பயன்பாட்டுக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இந்த நிலப்பரப்புக்குள் உரிமம் வழங்கப்படுகிறது என்றும் வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதுமானது. உரிமம் என்பது உரிமையைக் கைமாற்றாமல் பயன்படுத்த மட்டும் தரும் அனுமதி. உரிமையையே கைமாற்றித் தருவது ஒப்படைப்பு. ஒப்படைப்பு எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்றும், அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. இதன்படி விடுதிக்காரருக்கு மூன்று ஆண்டு இணையப் பயன்பாட்டுக்கு ஒரு விலையும், விளம்பரப் பலகைக்கும் அச்சுக்கும் கூடுதல் விலையும், எல்லா உரிமைகளையும் நிலையாக ஒப்படைப்பதற்கு அவற்றைவிடப் பெரிய விலையும் என மூன்று படிகளாக விலைப்பட்டியல் தரலாம். அவர் எதைத் தேர்ந்தாலும் தாம் வாங்குவது என்ன என்பதை அறிந்தே வாங்குகிறார்.

மணமக்களிடம் இந்தப் பேச்சு வேறு வகையில் நடக்க வேண்டும். அவர்கள் தங்கள் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை. படமெடுத்தவரோ தம் சமூக ஊடகப் பக்கத்தில் மாதிரியாக இட விரும்புகிறார். அதற்கான ஒப்புதலை முன்கூட்டி எழுத்தில் பெறுவதும், ஒப்புதல் தராதவரிடம் முகஞ்சுளிக்காமல் இருப்பதும் தொழில் ஒழுக்கமாகும். சேர்வராயன் கோயில் திருவிழாவிலும் தோட்டங்களிலும் காணப்படும் மலைவாழ் மக்களின் படங்களை விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்தும்போது இவ்வொழுக்கம் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கத் தக்கது.

பாதை, மழை, முன்பணம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் எனினும், மலைப்பாதையின் நிலை எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த கனமழையில் மண்சரிவு ஏற்பட்டு அப்பாதையில் போக்குவரத்துத் தடைபட்டது. இத்தகைய நாளில் குறித்திருந்த படப்பிடிப்பு நின்றுபோனால் முன்பணம் யாருக்கு என்னும் கேள்வி, ஒப்பந்தத்தில் விடை எழுதப்படாத இடத்தில் சண்டையாக முடிகிறது. இயற்கையால் நின்றால் முன்பணம் அப்படியே மறுதேதிக்கு மாற்றப்படும். வாடிக்கையாளர் கடைசி வாரத்தில் தாமாக நிறுத்தினால் அந்த நாளுக்கு வேறு வேலை கிடைக்காமற்போவதால் முன்பணம் திரும்பாது. படமெடுப்பவர் வர இயலாவிட்டால் முழுத்தொகையும் திரும்பும் என்னும் மூன்று வரிகள் இச்சிக்கலைத் தீர்க்கப் போதுமானவை. மூடுபனி விழுந்தது என்பதை மட்டும் நின்றுபோன வேலையாகக் கருதக் கூடாது என்றும் சேர்த்து எழுதலாம். மலையில் மூடுபனி இல்லாத காலையை யாரும் உறுதியளிக்க முடியாது.

தேதியை உறுதி செய்யும்போது 40 விழுக்காடு, படப்பிடிப்பு நாளில் 40 விழுக்காடு, ஒப்படைக்கும்போது 20 விழுக்காடு என மூன்று தவணையாகப் பெறுவது இருபக்கத்துக்கும் நியாயமான ஏற்பாடு. பெரிய ‘பேலன்ஸ்’ தொகையை ஆல்பம் தரும் நாளுக்கு விட்டுவைத்தவர்கள், திருமணச் செலவில் கை வறண்டுபோன குடும்பங்களிடமிருந்து அதைப் பெற மாதக்கணக்கில் அலைவது எல்லா ஊர்களிலும் நடப்பதே. தனியார் தோட்டங்களில் எடுக்க உரிமையாளரின் அனுமதியும், ஒதுக்குக் காடுகளில் எடுக்க வனத்துறையின் அனுமதியும் தேவை; அவ்விடங்களுக்கான கட்டணம் வாடிக்கையாளருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டச் சாலைகளில் அதிகாலையில் காட்டெருமைகள் நடமாடுவதால், விடியுமுன் எங்கே நின்று எடுப்பது என்பதை வாடிக்கையாளரின் ஆசைக்கு விடாமல் இடம் அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும். ட்ரோன் படம் கேட்போருக்குத் தனி விலை சொல்வதற்கு முன்னதாக, 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடப் பயிற்சிச் சான்றிதழ் தேவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் அதைப் பெற்ற ஒருவரை அமர்த்தி, அச்செலவைப் பட்டியலில் காட்டுவதே முறை.

பணம் வந்து சேரும் வழி

மணமக்கள் கடன் வைப்பதைவிட நிறுவனங்கள் கடன் வைப்பதே தனித்தொழில் செய்பவரை அதிகம் வருத்துகிறது. இதற்கு, அதிகம் பேசப்படாத ஒரு பாதுகாப்பு, குறு சிறு நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இல் உள்ளது. கட்டணமின்றி இணையத்தில் உத்யம் பதிவு செய்துகொண்ட ஒளிப்படக் கலைஞரும் குறுந்தொழில் நிறுவனமாகக் கருதப்படுகிறார். அவருடைய சேவையைப் பெற்றவர், ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாட்களுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். நாள் குறிக்கப்படாவிட்டால் 15 நாட்களில் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். வேலையை ஏற்குமுன் பதிவு முடிந்திருப்பதும், ரசீதில் பதிவெண்ணும் கெடுநாளும் அச்சிட்டிருப்பதும் தேவை. பெரும்பாலான கணக்குப் பிரிவுகள் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பணத்தை அனுப்பிவிடும் என்பதால் வழக்கு வரை போக வேண்டிய நிலை அரிதாகவே நேரும்.

சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு ரூ. 20 இலட்சத்தைத் தாண்டும்போதே பொதுவாகப் பதிவு கட்டாயமாகிறது. ஒளிப்படச் சேவைக்கு விகிதம் 18 விழுக்காடு. தொடங்குபவருக்கு அது தொலைவில் உள்ள எல்லையே எனினும், விலைப்பட்டியலில் ‘வரி நீங்கலாக’ என்ற சொல்லை முதல் நாளிலிருந்தே அச்சிட்டு வைப்பது, பின்னாளில் ரூ. 20,000 என்பது ரூ. 23,600 ஆகும்போது எழக்கூடிய மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

குறைப்பதும் உயர்த்துவதும்

பேரம் பேசாத வாடிக்கையாளர் அரிது. பேரத்தை அவமதிப்பாகக் கருதுவதும் தேவையற்றது. குறைக்கச் சொன்னால் விலையோடு வேலையும் குறைய வேண்டும் என்பதே கடைப்பிடிக்க வேண்டிய ஒரே விதி: நாற்பது பக்க ஆல்பம் இருபது பக்கமாகலாம், முழுநாள் அரைநாளாகலாம், சனிக்கிழமை புதன்கிழமையாகலாம், விளம்பரப் பலகை உரிமம் இணையத்துக்கு மட்டுமாகலாம். எதையும் குறைக்காமல் தொகையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவ்வாடிக்கையாளர் அனுப்பிவைக்கும் அடுத்தவரும் குறைந்த விலையிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்.

மாதிரிப் படங்கள் கையில் இல்லாத தொடக்க காலத்தில் இலவசமாகவோ அடிவிலைக்குக் கீழாகவோ சில வேலைகள் செய்ய வேண்டிவரலாம். அவற்றின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்து, முழு விலையை எழுதி அதில் தரப்படும் சலுகையைத் தனி வரியாகக் காட்டி ரசீது தருவது நல்லது. அப்போது வாடிக்கையாளருக்கும் உண்மை விலை தெரிந்திருக்கும். ‘இப்போது இலவசமாகச் செய்யுங்கள், பின்னால் நிறைய வேலை தருகிறோம்’ என்று சொல்லும் விடுதிக்கு மாற்றாக, விருந்தினர் குறைந்த வாரநாட்களில் தங்குமிடத்தைப் பெற்றுக்கொண்டு படமெடுத்துத் தரும் பண்டமாற்றை முன்வைக்கலாம். ஆனால் அந்தத் தங்குமிடத்தைத் தாம் பணம் கொடுத்தாவது வாங்கியிருப்போமா என்று எண்ணிப் பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.

விலையை உயர்த்தும் காலத்தையும் நாட்களின் எண்ணிக்கையே அறிவிக்கிறது. பருவ காலத்துத் தேதிகள் மூன்று மாதம் முன்பே நிரம்பத் தொடங்கினால் விலை தாழ்வாக உள்ளது என்று பொருள். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் அதே பொருள்தான். ஆண்டுக்கு ஒரு முறை, கோடைப் பருவம் தொடங்குவதற்கு முன்னதாகக் கணக்கை மீண்டும் போட்டுப் புதிய பட்டியலை வெளியிடுவதும், ஏற்கெனவே முன்பணம் தந்தவர்களுக்குப் பழைய விலையையே காப்பதும் ஊரில் நற்பெயரை நிலைநிறுத்தும்.

தொழில் தொடங்க நினைப்பவர் லென்சு வாங்கக் கடைக்குச் செல்வதற்கு முன்பாக ஒரு தாளை எடுத்து, ஆண்டுச் செலவை ஒரு பக்கத்திலும் வரப்போகும் ஆண்டின் படப்பிடிப்பு நாட்களை மறுபக்கத்திலும் எழுதி வகுத்துப் பார்க்க வேண்டும். வருகிற தொகை ஊரில் வழங்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் செலவைக் குறைப்பதற்கோ, கூலி பெறும் நாட்களைப் பெருக்குவதற்கோ, பயன்பாட்டுக்குத் தனி விலை தரக்கூடிய வாடிக்கையாளரைத் தேடுவதற்கோ வழி காண வேண்டும். அம்மூன்றும் இயலாதெனில் வேறு வேலையோடு இதைப் பகுதிநேரமாகத் தொடங்குவதே அறிவுடைமை. விடை எதுவாயினும், அடிவிலைக்குக் கீழே ஒப்புக்கொண்ட வேலைகளால் எந்த ஒளிப்பட நிலையமும் நெடுநாள் நிலைத்ததில்லை.